காலடிகளின் கணக்கு யாரிடம்?



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் வாழும் நமக்கு விடியற்காலை என்பது இரண்டு கூட்டத்தார் எதிரெதிரே கடந்து செல்லும் நேரம். இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி உறங்கச் செல்வோர் ஒரு கூட்டம். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏரிக்கரையிலும் சிப்காட் சாலைகளின் ஓரத்திலும் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவோர் மற்றொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தார் கையில் இப்போதெல்லாம் தஸ்பீஹ் மணியோடு ஒரு கடிகாரமும் இருக்கிறது. அது அடிகளை எண்ணுகிறது, நடந்த பாதையை வரைபடமாகத் தீட்டுகிறது, இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்கிறது. வீடு திரும்பியதும் அந்தக் கணக்கு கைப்பேசிச் செயலியின் வழியே நண்பர்களுக்கும், சில வேளைகளில் முன்பின் அறியாதவர்களுக்கும் போய்ச் சேர்கிறது.

உடற்பயிற்சியை இவ்வாறு பிறருக்குக் காட்டுவது ஆகுமா, இது முகஸ்துதி ஆகிவிடாதா என்று மதரஸாவிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ‘கூடும்’, ‘கூடாது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்வியாக இது எனக்குத் தோன்றவில்லை. நம் பகுதியில் நான் கண்டவற்றையும், அவற்றை நம் மார்க்கத்தின் ஒளியில் வைத்துப் பார்த்தபோது எனக்கு விளங்கியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நடப்பதைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்த விரிவான ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. வலீமா விருந்தில் பிரியாணியும் இனிப்பும் இரண்டாம் முறை பரிமாறப்படும் நம் சமுதாயத்துக்கு இது அடுத்த வீட்டுச் செய்தியன்று.

மார்க்கமும் இதில் மௌனமாக இல்லை. இறைவணக்கத்தில் மூழ்கித் தம்மை வருத்திக்கொண்ட இளம் தோழர் ஒருவருக்கு, உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வலிமையான இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவர் என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இருவரிடமும் நன்மை உண்டு என்று பலவீனமானவரையும் அந்த ஹதீஸ் அணைத்துக்கொள்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. ஆக, நடப்பது நல்லது. நல்ல நிய்யத்தோடு நடந்தால் அது நன்மையாகவும் எழுதப்படும். அப்படி நடந்ததை ஊருக்கு அறிவிப்பது பற்றியே கேள்வி எழுகிறது.

பிறர் அறியச் செய்யும் நற்செயல் அனைத்தும் முகஸ்துதி என்று சொல்வதற்கில்லை. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் சிறந்தது என்ற கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் தருகிறது. முளர் கூட்டத்தைச் சேர்ந்த வறியவர்கள் கிழிந்த ஆடையோடும் வெறுங்காலோடும் மதீனாவுக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நிலை கண்டு நபியவர்களின் முகம் மாறியது. மக்களை தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்ஸாரித் தோழர் ஒருவர் கையால் தாங்க முடியாத அளவுக்குக் கனத்த பை ஒன்றை எல்லாரும் காணக் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் ஒருவர் பின் ஒருவராக வந்து கொடுத்தார்கள். உணவும் உடையும் இரண்டு குவியல்களாக உயர்ந்தன. நல்ல வழியொன்றைத் தொடங்கிவைப்பவருக்கு, அதைப் பின்பற்றியவர்களின் கூலிக்கு நிகரான கூலியும் உண்டு என்ற நற்செய்தி அந்த இடத்தில்தான் அருளப்பட்டது.

நம் பகுதியில் நான் கண்டதும் இதற்கு ஒத்ததே. கடந்த ரமளானுக்குப் பிறகு எங்கள் ஜமாஅத் இளைஞர்கள் நடைப்பயிற்சிக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். இருபத்துமூன்று பேர் அதில் சேர்ந்தனர், நானும் ஒருவன். செயலியில் அவரவர் அடிக்கணக்கு தானாகப் பதிவாகும். இஷாவுக்குப் பிறகு அன்றைய வரிசைப் பட்டியல் குழுவில் வெளியாகும். முதல் மாதத்தில் கண்ட பலன் மகிழ்ச்சியளித்தது. ஃபஜ்ர் தொழுததும் மீண்டும் படுக்கைக்குச் செல்லும் வழக்கமுடைய நான்கைந்து இளைஞர்கள் ஏரிக்கரைக்கு வந்தனர். அறுபது வயதைக் கடந்த ஹாஜியார் ஒருவர், தம் பேரன் வயதுப் பிள்ளைகளின் பெயருக்கு மேலே தம் பெயர் நிற்பதைக் காண்பதற்காகவே இன்னொரு சுற்று நடந்தார். மூன்று மாதத்தில் மருத்துவர் அவருடைய மாத்திரையின் அளவைக் குறைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அதே பட்டியலின் கடைசி வரியில் ஒரு தம்பியின் பெயர் நாள்தோறும் இடம்பெற்றது. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வேலைக்காக இங்கு வந்தவர்; வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. வயது முப்பதைத் தாண்டவில்லை. ஆலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாக இருப்பது தெரியவந்து, அந்த அச்சத்தில்தான் குழுவில் சேர்ந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் கைப்பேசிக்கு அனுமதியில்லை. வாயிலருகே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். எட்டு மணி நேரம் நின்றும், நடந்தும், பாகங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிச் சென்றும் உழைப்பார். அவ்வளவு நேரமும் கைப்பேசி பெட்டிக்குள் உறங்கும். மாலையில் செயலி அவருக்கு எண்ணூறு அடி என்று காட்டும். குளிரூட்டிய அறையில் அமர்ந்து பணிபுரியும், கையில் விலையுயர்ந்த கடிகாரம் கட்டிய சகோதரருக்குப் பத்தாயிரம் என்று காட்டும். ஒருநாள் யாரோ விளையாட்டாக, தூங்குகிறவனின் படம் ஒன்றை அவர் பெயருக்கு நேரே இட்டார்கள். பலரும் சிரித்தார்கள். மறுநாள் அந்தத் தம்பி குழுவிலிருந்து விலகினார். ஒரு வாரத்தில் காலை நடையும் நின்றது. அதன்பின் ஃபஜ்ர் ஜமாஅத்திலும் அவரைக் காணவில்லை.

அவருடைய அறைக்குச் சென்று பார்த்தேன். ஆறு பேர் ஷிப்ட் முறையில் உறங்கும் அறை அது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஹஜ்ரத், நான் உழைக்கிறத யாரும் பாக்கலன்னா எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நான் சோம்பேறின்னு தினமும் இருபது பேரு பாக்குறாங்களே, அதத்தான் தாங்க முடியல.”

அவரிடம் பனூ ஸலிமா கூட்டத்தாரின் வரலாற்றைச் சொன்னேன். மதீனாவில் அவர்களுடைய குடியிருப்பு நபியவர்களின் பள்ளிவாசலிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. பள்ளிக்கு அருகே இடம் காலியானபோது அங்கே குடிபெயர விரும்பினார்கள். அதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிச் சுவடுகள் எழுதப்படுவதாகவும் அவர்களுக்கு அறிவித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. மனிதர்கள் முற்படுத்தியவற்றையும் விட்டுச்சென்ற சுவடுகளையும் நாம் எழுதுகிறோம் என்று யாஸீன் அத்தியாயத்தின் 12ஆம் வசனமும் கூறுகிறது. “தம்பி, அடிகளை எண்ணும் ஏற்பாடு இந்தச் செயலியோடு தொடங்கியதன்று. அந்தப் பதிவேட்டுக்குள் செல்ல உங்கள் கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஹலாலான சம்பாத்தியத்துக்காக ஆலைக்குள் வைத்த ஒவ்வோர் அடியும் அங்கே இருக்கும், இன்ஷா அல்லாஹ்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் வாங்கிவரச் சொல்லி அறைத்தோழரை அனுப்பினார்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்று. செயலி பொய் சொல்லவில்லை. அது தான் கண்டதைச் சொல்கிறது. கைப்பேசி எங்கே போனதோ அதை மட்டுமே அது காணும். அதன் கணக்கை மனிதனின் கணக்காக நாம் எடுத்துக்கொள்ளும்போதுதான் அநீதி பிறக்கிறது. அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணின் பிறப்பையும் அறிந்துகொள்வது நல்லது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்ற பொருள் தரும் பெயரை அதற்கு வைத்தது. மருத்துவ ஆய்வு முடிவாக அல்லாமல் விற்பனைப் பெயராகவே அந்த எண் உலகெங்கும் பரவியது. 2022இல் வெளிவந்த, பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வறிக்கை ஒன்று, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி வரையிலேயே ஆயுள் சார்ந்த பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுவதாகக் கண்டது. ஒரு விற்பனைப் பெயரை வைத்துக்கொண்டா ஒரு சகோதரனை எடைபோடுவது?

இரண்டாவது செய்தி வீட்டின் கண்ணியம் தொடர்பானது. எங்கள் மதரஸாவில் முன்பு ஓதிய மாணவி ஒருவர், இப்போது கல்லூரியில் படிப்பவர், தம் தாயாரோடு காலையில் நடப்பார். அவருடைய செயலி நடந்த பாதையை வரைபடமாக வெளியிட்டது. கோடு வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும். யாரென்றே தெரியாத ஒருவர் நாள்தோறும் அதற்குப் பாராட்டுக் குறி இட்டு வந்தார். ஒருநாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: “இன்று ஏன் பத்து நிமிடம் தாமதம்?” அந்தப் பெண் நடுங்கிப்போய்த் தந்தையிடம் சொன்னார். தந்தை எடுத்த முதல் முடிவு, இனி நடக்க வேண்டாம் என்பது.

அவர் என்னிடம் கலந்தாலோசித்தபோது, “பாய், பிள்ளையின் நடை என்ன குற்றம் செய்தது? குற்றம் அந்தக் கோட்டில் இருக்கிறது. கோட்டை அழியுங்கள், நடையை நிறுத்தாதீர்கள்” என்றேன். பிறர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையலாகாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அனுமதியின்றி நுழைபவன்மீது குற்றம் இருப்பது போலவே, வாசலைத் திறந்துபோட்டுவிட்டு உறங்காதிருப்பது வீட்டாரின் பொறுப்பு. தாயும் மகளும் இன்றும் நடக்கிறார்கள். வரைபடம் மட்டும் எவருக்கும் போவதில்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் தனிக்கதை என்று எண்ண வேண்டாம். ஸ்ட்ராவா என்ற செயலி உலகெங்கும் ஓட்டப் பயிற்சி செய்வோர் பயன்படுத்துவது. 2017 நவம்பரில் அந்நிறுவனம் கோடிக்கணக்கான பயிற்சிப் பாதைகளை ஒன்றுதிரட்டி உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. எவருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து நோக்கி, ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட நிலப்பரப்பில் இராணுவ முகாம்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய பாதைகளே அவை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப்பணிப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளைத் தன் வீரர்கள் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆயுதம் ஏந்திய காவலுடைய முகாமின் நிலையே இதுவென்றால், தாழ்ப்பாள் மட்டுமே உடைய நம் வீடுகளின் நிலை என்ன?

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் உண்டு. தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டுவதற்காகப் பல கோடிப் பேர் பதிவிறக்கிய முஸ்லிம் ப்ரோ செயலியின் இருப்பிடத் தகவல்கள், தரவு விற்கும் நிறுவனம் ஒன்றுக்குச் சென்றன. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துக்குப் பணிபுரியும் ஒப்பந்ததாரர்களும் இருந்தனர் என்று 2020 நவம்பரில் செய்தி வெளியானது. அச்செயலியை நடத்துவோர் அந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தனர். தொழச் சென்ற பாதையும் விற்பனைப் பொருளாகும் காலத்தில் வாழ்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாவது செய்தி உள்ளத்தைப் பற்றியது. சென்ற ரமளானில் பத்து வயது மாணவன் ஒருவன் தராவீஹ் முடிந்ததும் தன் அண்ணனின் கடிகாரத்தைக் காட்டி, “உஸ்தாத், இருபது ரக்அத்துக்கு எவ்வளவு கலோரி எரிஞ்சிருக்கு பாருங்க” என்றான். அவன் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது, நானும் சிரித்தேன். தொழுகையால் உடலுக்கும் நலம் உண்டு என்பது உண்மையே. பிறகு அவனிடம் கேட்டேன்: “ஸஜ்தாவில் என்ன கேட்டாய் என்பதைக் கடிகாரம் காட்டுகிறதா?” அவன் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினான். “அது உனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்” என்றேன்.

உடற்பயிற்சியை வெளிக்காட்டுவதற்கும் வணக்கத்தை வெளிக்காட்டுவதற்கும் இடையே ஒரு வரம்பு இருக்கிறது. நடைப்பயிற்சி அடிப்படையில் அனுமதிக்கப்பட்ட உலகச் செயல். நண்பரை ஊக்குவிக்க அதைச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் தஹஜ்ஜுதுக்கு எழுந்த நேரம், பள்ளிக்கு நடந்த தூரம், நோன்போடு ஓடிய கிலோமீட்டர் என்று பதிவுகள் நீளும்போது, ஷைத்தானுக்கு ஒரு சன்னல் திறக்கிறது. முகஸ்துதியைச் சிறிய இணைவைப்பு என்று எச்சரித்து, தம் சமுதாயத்துக்காக நபியவர்கள் அஞ்சியதை முஸ்னத் அஹ்மத் பதிவு செய்கிறது. பாராட்டுக் குறி வராத நாளில் மனம் சுருங்குகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுப் பார்க்கட்டும். அந்தச் சுருக்கத்தின் அளவே நோயின் அளவு.

இவ்விடத்தில் நபியவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்போட்டி நடத்திய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. முதன்முறை அன்னையவர்கள் வென்றார்கள். பின்னொரு காலத்தில் உடல் சற்றுப் பருத்தபோது நபியவர்கள் வென்றார்கள். இது அதற்கு ஈடு என்று கனிவோடு சொன்னார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஓடுவதற்கு முன் உடன் வந்த மக்களை முன்னே செல்லுமாறு நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். பயிற்சி இருந்தது, போட்டி இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது; பார்வையாளர் மட்டும் இல்லை. பின்னாளில் அன்னையவர்கள் அதை நமக்கு அறிவித்ததும் உண்மையே. கற்பிப்பதற்காகச் சொல்வது வேறு, கைதட்டலுக்காகச் செய்வது வேறு என்பதை இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் கலந்தாலோசித்து, வரிசைப் பட்டியலை நிறுத்திவிட்டோம். இப்போது நடந்தவர்கள் ‘நடந்தேன், அல்ஹம்துலில்லாஹ்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், எண் தேவையில்லை. இருவர் இருவராக இணைந்து, வராதவரை மற்றவர் தனியே அழைத்து நலம் விசாரிப்பது என்று முடிவாயிற்று. பட்டியல் போனதில் ஹாஜியாருக்குச் சற்று வருத்தம். முதலிடம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆலைத் தம்பி குழுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் அவருக்கு இரண்டாம் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் ஹாஜியாரே அவர் அறைவாசலில் நின்று அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்கிறார். அந்த நாட்களில் இருவருமே கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவதை நான் கவனித்தேன்.

இச்செயலிகளைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு ஆசிரியன் என்ற முறையில் சில வேண்டுகோள்கள்.

செயலியின் அமைப்புகளை இன்றே திறந்து பாருங்கள். உங்கள் பதிவை எவரெல்லாம் காணலாம் என்பதை நீங்கள் அறிந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதை வரைபடத்தை மறைத்துவிடுங்கள்; குறைந்தபட்சம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரியாதபடி செய்யுங்கள். பிள்ளைகளின் கைப்பேசியில் இதைப் பெற்றோர் உடனிருந்து செய்வது நல்லது.

ஒருவருடைய எண்ணைக் கண்டு அவருடைய உழைப்பை அளக்காதீர்கள். சமையலறையில் நாள் முழுதும் நடக்கும் தாயின் அடிகளை எந்தக் கடிகாரம் எண்ணியது? பிறருடைய நலத்தைக் காணும்போது ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்லி, பரக்கத்துக்காக துஆ செய்யுங்கள். நீங்கள் பகிரும் முன், இதனால் ஒருவர் எழுந்து நடப்பாரா, அல்லது ஒருவர் தலைகுனிவாரா என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

வாரத்தில் ஒரு நாளேனும் எந்தக் கருவியும் இல்லாமல் நடந்து பாருங்கள். அந்த நடை உங்களுக்குப் பாரமாகத் தோன்றினால், இதுவரை யாருக்காக நடந்தீர்கள் என்பது விளங்கிவிடும். இலகுவாக இருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களுக்கு ஆரோக்கியத்தையும், எங்கள் செயல்களுக்கு இக்லாஸையும், எங்கள் இல்லங்களுக்குப் பாதுகாப்பையும் தந்தருள்வாயாக. பகலிலும் இரவிலும் உழைக்கும் எங்கள் சகோதரர்களின் ஒவ்வோர் அடியையும் நன்மையாக ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.